‘குடுங்க, நானே பண்ணித் தர்றேன்’

தன் கணக்குக்குள் தானே போக முடியாமல் நூலகத்தில் என் உதவி மேசைக்கு வருகிறவர்களில், போன வாரம் வந்த அம்மாவோடு சேர்த்தால் இந்த மாதம் நான்காவது ஆள். 62 வயது, அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. கண் பரிசோதனைக்கு நேரம் வாங்க மருத்துவமனையின் தளத்தில் உள்நுழைய வேண்டும். கணக்கு இருக்கிறது, பாஸ்வேர்டு தெரியாது. புதிய பாஸ்வேர்டு கேட்டோம். மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றது தளம். மின்னஞ்சலின் பாஸ்வேர்டும் தெரியாது. அதை மீட்கப் போனால் ஏதோ ஒரு எண்ணுக்கு ஓடிபி போகிறது. அது மருமகனின் பழைய எண். அவர் அதை விட்டு ஒன்றரை வருடமாகிறது.

"நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனாம்மா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

அவர் எதையுமே அழுத்தவில்லை. அவரை யாரும் அழுத்த விட்டதில்லை.

நூலகத்தின் இணைய உதவி மேசையில் ஒன்பது வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். நகரத்தில் யாரிடம் போன் இல்லை, இன்னும் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ 2024க்குச் சொன்ன கணக்குப்படி உலக நகரவாசிகளில் 83 சதவீதம் பேர் இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த மூன்று மாதத்தில் ஒரு முறை பயன்படுத்தியிருந்தாலே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம். போனில் பேரனின் வீடியோ பார்க்கும் இந்த அம்மாவும் அந்த 83இல்தான் இருக்கிறார். ஆனால் கண் மருத்துவரிடம் நேரம் வாங்க அவரால் முடியவில்லை.

சரி, என்னை நிஜமாகவே கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "அவங்களுக்கு இதெல்லாம் வராதுங்க, நாமளே பண்ணிக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சது" என்ற எண்ணம். அன்பாகத்தான் சொல்கிறார்கள். மகன் அம்மாவின் போனை வாங்குகிறார், இரண்டு நிமிடம் விரல்கள் பறக்கின்றன, போனைத் திருப்பிக் கொடுக்கிறார். அந்த இரண்டு நிமிடத்தில் தன் மின்னஞ்சலையே அம்மாவின் கணக்குக்குக் கொடுத்திருப்பார். ஓடிபி சட்டென்று வரட்டும் என்று தன் எண்ணைப் போட்டிருப்பார். பாஸ்வேர்டு அவருக்கே நினைவில் நிற்காது. அம்மா பெயரில் ஒரு கணக்கு உருவாகிவிட்டது, ஆனால் அதன் சாவி ஒன்றுகூட அம்மாவிடம் இல்லை. மகன் ஊர் மாறும்போது, எண் மாற்றும்போது, ஒரு சண்டையில் பேச்சு நின்றுபோகும்போது இது வெளியே வருகிறது. அதுவும் அவசரமாக ஏதாவது தேவைப்படுகிற நாளில்தான் வரும்.

கைவிட்ட எண் சும்மா கிடப்பதில்லை, கொஞ்ச காலம் கழித்து இன்னொருவருக்குப் போய்விடும். அமெரிக்காவில் புதிய சந்தாதாரர்களுக்குக் கொடுக்கத் தயாராக இருந்த 259 எண்களை பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வுக்காகச் சோதித்தார்கள். அவற்றில் 171 எண்கள் ஏற்கெனவே யாருடைய இணையக் கணக்குகளோடோ இணைந்திருந்தன. இந்த அம்மாவின் ஓடிபி இன்று யாருடைய போனில் போய் விழுகிறது என்று எனக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. ஓடிபி அம்மாவின் போனுக்கே வருகிற வீடுகளில் மகன் தொலைவிலிருந்து அழைப்பார். "அம்மா, இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், படிச்சுச் சொல்லு." அம்மா படிப்பார். பத்து முறை இப்படி நடந்தால் அம்மா கற்றுக்கொள்வது ஒன்றுதான்: போனில் அவசரமாக ஒரு குரல் கேட்டால் ஆறு எண்களைப் படித்துக் காட்ட வேண்டும். பதினோராவது முறை அழைப்பவன் மோசடிக்காரன். பணம் போனதும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து "யாருக்கும் ஓடிபி சொல்லாதேன்னு எத்தனை தடவை சொன்னோம்" என்று அவரைத்தான் திட்டுகிறார்கள். என் மேசைக்கு முன்னால் அழுகிறவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஓடிபியைப் படித்துச் சொல்லப் பழக்கியது பெரும்பாலும் சொந்தக் குடும்பம்தான்.

‘வராது’ என்பதும் பொய். வராததற்குக் காரணம் பல நேரம் விரலில் இருக்கிறது. தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. துடைத்துத் துடைத்துக் காய்த்த விரல், வயதில் உலர்ந்த விரல் அதற்குச் சரியாகப் புலப்படாது. அவர் இன்னும் பலமாக, இன்னும் நேரம் எடுத்து அழுத்துவார். போன் அதை அழுத்திப் பிடித்ததாக எடுத்துக்கொண்டு வேறு எதையோ திறக்கும். பக்கத்தில் இருப்பவர் உச்சுக் கொட்டுவார். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டிக்குள் போய் அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டி வையுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், ரப்பர் முனை வைத்த தொடுபேனா ஒன்றைக் கையில் கொடுங்கள். ‘இவருக்கு வராது’ என்று முத்திரை குத்தப்பட்ட எத்தனையோ பேர் அரை மணி நேரத்தில் தாங்களாகவே தட்டச்சு செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

தளங்களை உருவாக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்தை நிரப்ப நேரக் கெடு வைத்தால் எச்சரித்து நீட்டிக்கவோ, கெடுவையே நீக்கவோ வழி இருக்க வேண்டும் என்பது, எல்லோரும் பயன்படுத்தும்படி தளங்களை அமைக்கச் சொல்லும் இணைய அணுகல் வழிகாட்டியின் (WCAG) 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இருக்கிறது. நினைவாற்றலைச் சோதிப்பதை உள்நுழைய ஒரே வழியாக வைக்காதீர்கள் என்று 2023இல் வந்த 2.2 பதிப்பும் சொல்கிறது. அப்படியிருந்தும் பாஸ்வேர்டு பெட்டியில் ஒட்டும் (பேஸ்ட்) வசதியைத் தடுத்து வைக்கும் தளங்களை இன்னமும் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். தயவுசெய்து அந்தத் தடையை எடுத்துவிடுங்கள்.

உதவப் போகிறீர்களா? போனைத் தொடாதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், அவர் விரலே அழுத்தட்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். கணக்கு அவருடைய எண்ணில், அவருடைய மின்னஞ்சலில் இருக்க வேண்டும். மின்னஞ்சல் இல்லையா, முதலில் அதைத் தொடங்குங்கள். தொடங்கிவிட்டு அப்படியே போட்டுவிடவும் வேண்டாம். இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கிவிட்டது. அதனால் மாதம் ஒரு முறையாவது அவரே திறந்து பார்க்கட்டும்.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைத்தால் திட்டாதீர்கள். எழுதி, வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், பையில் போட்டுக்கொண்டு அலைய வேண்டாம். பாஸ்வேர்டு திருடுகிறவன் அநேகமாக இணையத்தில்தான் இருக்கிறான், உங்கள் வீட்டு அலமாரிக்கு வரமாட்டான். பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லிக் கொடுங்கள், பிரவுசர் ஜன்னலை மூடினால் மட்டும் போதாது.

அப்புறம், ஓடிபியை உங்களுக்கும் சொல்லக் கூடாது. மகனாக இருந்தாலும், மகளாக இருந்தாலும். நீங்களே கேட்டுப் பாருங்கள், "சொல்லமாட்டேன்" என்று அவர் மறுத்தால் சந்தோஷப்படுங்கள்.

அந்த அம்மாவின் பழைய மின்னஞ்சலை மீட்க முடியவில்லை. புதிதாக ஒன்றைத் தொடங்கினோம், எழுத்து எழுத்தாக அவரே தேடி அழுத்தினார். அடையாள அட்டையோடு மருத்துவமனைக்கு நேரில் போய்த் தன் எண்ணைப் பதிந்துவிட்டு வந்தார். பரிசோதனைக்கு நேரம் மூன்று வாரம் தள்ளித்தான் கிடைத்தது.

உங்கள் அம்மா, அப்பா, மாமியார் கணக்குகளில் மீட்பு எண்ணாக யாருடைய எண் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். உங்களுடையதாக இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையாலேயே மாற்ற வையுங்கள்.