பிளாஸ்மா அடிக்கவில்லை, பெடியன் பார்த்திருக்கிறான்

"டொக்டர், உங்கட முகத்திலை மூக்கைக் காணேல்லை."

தரம் 9 படிக்கும் பெடியன். இரணைமடுப் பக்கம் வீடு. முந்தாநாள் பழைய எக்ஸ்ரே படத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு சூரியப் புள்ளி தேடியிருக்கிறான். இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவன் மூன்றாவது.

தகப்பன் வாட்ஸ்அப் காணொளி ஒன்றைக் காட்டினார். சூரியனில் நெருப்பு நாக்கு எழும்புகிறது. "அதிலை இருந்து பிளாஸ்மா அடிச்சிருக்கு, டொக்டர்."

அடிக்கவில்லை ஐயா. பிளாஸ்மா என்பது மின்னேற்றம் கொண்ட கொதிக்கும் வாயு. சூரியப் புள்ளி என்பது காந்தப்புலம் முறுகிக் கிடக்கும் இடம். உள்ளிருந்து வரும் வெப்பத்தை அது தடுப்பதால், சுற்றிவர 5500 பாகை செல்சியஸ் இருக்க, அங்கே மட்டும் ஆயிரம் இரண்டாயிரம் பாகை குறைவு. அதனால்தான் கறுப்பு. முறுகிய காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது பிளாஸ்மா பீறிடும். பெரிய வெடிப்பில் கிளம்புவது பூமிக்கு வந்துசேரவே ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். வந்தாலும் பூமியின் காந்தப்புலத்தையும் காற்றையும் தாண்டிக் கிளிநொச்சியில் ஒருவனுடைய கண்ணைத் தேடி வராது. 2024 மே 10 இல் வந்தது 2003க்குப் பிறகு மிகக் கடுமையான காந்தப் புயல். லடாக்கில்கூட வானம் சிவந்தது. அதனால் கண் போனதென்று என்னிடம் ஒருவரும் வரவில்லை.

பெடியனின் கண்ணைச் சுட்டது தினமும் நெல் காய வைக்கிறோமே, அதே வெயில்தான். சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையில் சூரியனின் மொத்த ஒளி மாறுவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. புயல் இல்லாத நாளில் பார்த்தாலும் இதே கதிதான். இன்னொன்று, அந்தப் பீறல்களை எக்ஸ்ரே படத்தால் பார்க்கவே முடியாது. அவை விண்கலங்களும் விசேட தொலைநோக்கிகளும் எடுத்த படங்கள். நிறம்கூடப் பல வேளை பிறகு பூசியது.

எக்ஸ்ரே படம் கூச்சத்தை மட்டும் குறைக்கும். கூச்சம் போனதும் கண்மணி விரியும், நீங்களும் இமைக்காமல் பார்ப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர் அதற்குள்ளால் போய்க்கொண்டே இருக்கும். "நோகேல்லையே" என்கிறார்கள். விழித்திரைக்கு நோவு தெரியாது! பார்வை மங்குவதும் சில மணித்தியாலம் கழித்துத்தான். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்துக்கும் இதையே தொண்டை கிழியச் சொன்னோம்.

வெயில் கண்ணாடி, சாணித் தண்ணீர், சீடி தட்டு எதுவும் வேண்டாம். வெல்டிங் கண்ணாடியில் 14 என்று எழுதியில்லாவிட்டால் அதுவும் வேண்டாம். கிரகணம் பார்க்க அட்டையில் ஊசித் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, வெள்ளைத் தாளில் விழும் பிம்பத்தைப் பாருங்கள். புள்ளிதான் வேண்டுமென்றால், விஞ்ஞான ஆசிரியர் தொலைநோக்கியால் தாளில் விழுத்திக் காட்டட்டும். தொலைநோக்கியில் கண்ணை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களா? ஏச்சுக்குப் பயந்து மறைக்காமல் அன்றைக்கே வாருங்கள், தயவுசெய்து. தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விடாதீர்கள். எங்களிடமும் இதை மாற்றும் சொட்டுமருந்து இல்லை. பலருக்குச் சில மாதங்களில் தானாகத் தேறும், சிலருக்குப் பார்வையின் நடுவில் ஒரு மங்கல் புள்ளி நின்றுவிடும்.

பெடியனுக்கு மூன்று மாதம் கழித்துத் திகதி கொடுத்திருக்கிறேன். அதுவரை கரும்பலகையை ஓரக்கண்ணால்தான் வாசிக்க வேண்டும்.