அடிபட்ட மயிலைத் தூக்குவதற்கு முன் ஒரு போன் கோல்

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர். பஸ் தட்டிவிட்டுப் போன மயில் ஒன்று வீதியோரம் கிடந்து துடிப்பதைப் பார்த்து, யூரியா பை ஒன்றில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். சிறகு முறிந்திருந்தது. மறுநாள் சைக்கிளில் கட்டிக்கொண்டு மிருக வைத்தியசாலைக்குப் போனார். “இது காட்டுப் பறவை ஐயா, எங்களுடைய வேலை இல்லை” என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து மஞ்சள் பூசிக் கட்டி, கோழிக்கூட்டில் விட்டார். பேத்தி கறையான் புற்று வெட்டி வந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். யாரோ படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். “பாதுகாக்கப்பட்ட பறவையை ஏன் வீட்டில் வைத்திருக்கிறீர்கள்?” முதல் நாளே வைத்தியரிடம் கொண்டுபோனேன் என்று அவர் சொன்னார். அதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட அவரிடம் இல்லை. வாக்குமூலம் கொடுத்தார், இரண்டு தரம் கந்தோருக்கு அலைந்தார். மயில் பிழைக்கவில்லை. வழக்குப் போடாமல் விட்டதே பெரிய தயவு என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கையின் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 2009இல் 22ஆம் இலக்கச் சட்டத்தால் அதை இறுக்கினார்கள். விதிவிலக்குப் பட்டியலில் உள்ள சில பறவைகளைத் தவிர மற்றக் காட்டுப் பறவைகள் எல்லாவற்றுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. மயிலைக் கொன்றால்தான் குற்றம் என்றில்லை. காயப்படுத்துவது, பிடிப்பது, வைத்திருப்பது, முட்டை எடுப்பது எல்லாமே குற்றம். இரக்கப்பட்டு வைத்திருந்தாலும் ‘வைத்திருப்பது’ என்ற சொல்லுக்குள்தான் வரும். பெரியவர் மாட்டியது இங்கேதான்.

“மயிலைத்தான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களே” என்று வன்னியில் பத்துப் பேரில் ஐந்து பேராவது சொல்வார்கள். 2023இல் விவசாய அமைச்சர் மயில் உட்படப் பயிர் அழிக்கும் சில விலங்குகளைப் பற்றி அப்படிச் சொன்னதாகச் செய்தி வந்தது உண்மை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எண்ணியதும் உண்மை. ஆனால் அமைச்சர் மைக்கில் சொல்வது வேறு, வர்த்தமானியில் வருவது வேறு. எண்ணிக்கொண்டு போனதால் காப்பு போய்விடாது. நெல்லைத் தின்னும் மயில் மீது கமக்காரருக்கு இருக்கும் எரிச்சல் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் “அமைச்சர் சொன்னார்” என்பது நீதவான் முன்னால் உங்களைக் காப்பாற்றாது.

சரி, யாரிடம் சொல்வது? அலைச்சல் தொடங்குவதே இந்தக் கேள்வியில்தான். நம் ஊரில் ‘வன இலாகா’ என்று ஒரே பெயரில் இரண்டு திணைக்களங்களைச் சொல்கிறோம். வனவளத் திணைக்களம் காட்டுக்கும் மரத்துக்கும் பொறுப்பு. மயிலைக் கொண்டு அங்கே போனால் வெறும் கையோடு திரும்புவீர்கள். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம்தான் விலங்குக்கும் பறவைக்கும் பொறுப்பு. பெயர்ப்பலகையில் ‘வனஜீவராசிகள்’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகம் மூன்றாவது இடம். அது மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் உரியது. “எங்கள் வேலை இல்லை” என்று அவர்கள் சொல்வது கடதாசியில் சரிதான். ஆனால் வனஜீவராசிகள் அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் கேட்டுக்கொண்டால் இரத்தத்தை நிறுத்தி ஒரு கட்டுப் போட்டுவிடும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். அதனால் மயிலைத் தூக்கிக்கொண்டு நேரே போகாதீர்கள். முதலில் கோல், பிறகு பயணம்.

வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. மயிலைத் தொடுவதற்கு முன்பே எடுங்கள். எடுப்பவரிடம் கதையை நீட்ட வேண்டாம். எந்த வீதி, எந்தக் கட்டை, பக்கத்தில் என்ன குளம் அல்லது கோயில், மயிலுக்கு என்ன நடந்தது, இவ்வளவும் போதும். அப்புறம் நீங்கள் கேட்க வேண்டியது மூன்று விஷயம்: உங்கள் பெயர் என்ன, எந்த அலுவலகத்துக்கு அறிவிப்பீர்கள், வரும்வரைக்கும் நான் மயிலை வீட்டில் வைத்திருக்கலாமா. மூன்றாவது கேள்விக்கு “ஓம், வைத்திருங்கள்” என்ற பதில் வந்தால் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோல் பதிவை அழிக்காதீர்கள், திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

மறுமுனையில் சிங்களம் மட்டும் கேட்டால் பயந்து போனை வைத்துவிடாதீர்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கில் நிர்வாக மொழி தமிழ். தமிழில் பேசக்கூடிய ஒருவரைக் கேட்பது உங்கள் உரிமை. அது கொழும்பில் எந்தளவுக்கு விளங்கும் என்பது வேறு கதை. அதனால் நான் சொல்லும் வழி, அதே நேரத்தில் உங்கள் கிராம அலுவலருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு படமும் இரண்டு வரியும் அனுப்பிவிடுவது. அவர் மயிலுக்கு ஒன்றும் செய்யப்போவதில்லை. ஆனால் நீங்கள் எப்போது அறிவித்தீர்கள் என்பதற்கு ஒரு அரச அலுவலரின் போன் சாட்சியாகிவிடும்.

பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் போட வேண்டாம். “நாங்கள் வளர்க்கும் மயில்” என்று பிள்ளை ஒரு வீடியோ போட்டால் அந்த ஒரு சொல் உங்களுக்கு எதிராக நிற்கும்.

“வாகனம் இல்லை, நீங்களே கொண்டுவாருங்கள்” என்பது அடிக்கடி வரும் பதில். வன்னியில் ஒரு அலுவலகத்துக்கும் அடுத்த அலுவலகத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும். நடுவில் சோதனைச் சாவடி வேறு. ஆட்டோவின் பின்சீட்டில் பெட்டிக்குள் மயில் இருப்பதைப் பொலிஸ் கண்டால், உங்கள் நல்ல மனது அவர்களுக்குத் தெரியாது. கொண்டுவரச் சொன்னவரிடமே அதை எழுத்தில் கேளுங்கள். குறுஞ்செய்தி போதும்: “இன்ன இடத்திலிருந்து இன்ன அலுவலகத்துக்குக் கொண்டுவரவும்.” அனுப்ப மாட்டேன் என்றால் நீங்கள் அனுப்புங்கள்: “நீங்கள் போனில் சொன்னபடி இப்போது கொண்டு புறப்படுகிறேன்.” இரண்டாவது வழி அவ்வளவு பலமில்லை, ஆனாலும் ஒன்றுமில்லாததைவிட மேல். சனி, ஞாயிறு, போயா என்றால் புறப்படுவதற்கு முன்பே அங்கே ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் மயிலோடு நின்றவர்களை எனக்குத் தெரியும்.

ஆள் வர ஆறு மணித்தியாலம் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அதுவரைக்கும் மயிலைச் சாகவிடாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு பெரிய துணியைத் தலையோடு சேர்த்துப் போர்த்துங்கள். கண் மறைந்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். சிறகுகளை உடம்போடு அணைத்து, கால்களைச் சேர்த்துப் பிடியுங்கள். ஆண் மயிலின் குதிமுள் கையைக் கிழித்துவிடும். தோகையைப் பிடித்து இழுத்தால் இறகு கொத்தாகக் கையோடு வரும், மயில் ஓடிவிடும். பிறகு உறுதியான மட்டைப்பெட்டி ஒன்றில் காற்றுப்போக ஓட்டைகள் போட்டு, அடியில் சாக்கு விரித்து, இருட்டான சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். யூரியா பை கூடாது. அதில் மூச்சு முட்டும், உர மணமும் விடாது. ஊர்ப் பிள்ளைகள் வந்து வந்து திறந்து பார்த்தால், காயம் கொல்லாத மயிலைப் பயமே கொன்றுவிடும்.

இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். மண்ணெண்ணெய், கழிவு ஒயில், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சிறகு முறிந்திருந்தால் உடம்போடு சேர்த்துத் துணியால் மெதுவாகக் கட்டலாம், ஆனால் நெஞ்சை இறுக்கக்கூடாது. பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு வரும். இறுக்கிக் கட்டிய மயில், கட்டியவர் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே செத்துப்போகும்.

அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். தட்டையான பாத்திரத்தில் வையுங்கள், குடிக்க முடிந்தால் தானே குடிக்கும். முதல் சில மணித்தியாலம் தீனும் வேண்டாம். பிறகு கொஞ்சம் குரக்கன், ஊறவைத்த பயறு, நறுக்கிய கீரை போதும். பனடோலோ வேறு நோ மாத்திரையோ கொடுக்கவே கூடாது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபெனாக் என்ற ஒரு வலி மருந்துதான், அந்த மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை இந்தியாவில் ஏறக்குறைய இல்லாமலாக்கியது. பறவையின் சிறுநீரகத்தில் நாம் பரீட்சை பார்க்க வேண்டாம்.

பெரியவர் செய்ததில் மயிலுக்குக் கெடுதலாகப் போயிருக்கக்கூடியது கோழிக்கூடுதான். கோழிக்கு வெளியில் தெரியாமல் இருக்கும் குடற்புழு வழியாக ஒரு கிருமி மயிலுக்குப் போய் ஈரலைத் தின்னும். எச்சம் கந்தக மஞ்சளாகப் போனால் அந்த நோயைச் சந்தேகிக்கலாம். மயிலிடமிருந்து கோழிக்கும் நோய் வரலாம். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், அதே உடுப்போடு கோழிக்குத் தீன் போடப் போகாதீர்கள். அடைக்கோழிக்கு மயில் முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் பழக்கத்துக்கும் இதைத்தான் சொல்வேன். இருபத்தெட்டு நாள் பொறுத்திருந்து பொரித்த குஞ்சு நோயில் போகும், முட்டை எடுத்த குற்றம் உங்களோடு நிற்கும்.

சுருக்கு, வலை, கட்டுத்துவக்கு, இடியன் துவக்கு இவற்றில் அடிபட்ட மயில் என்றால் கதை வேறு. மயிலை எடுங்கள், சுருக்கை அவிழ்த்து எறியாதீர்கள். இருந்தபடியே படம் எடுங்கள். இல்லாவிட்டால் யார் வைத்த சுருக்கு என்ற கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும். உங்கள் காணிக்குள் என்றால் 1992க்கு அறிவித்த கையோடு பொலிசிலும் முறைப்பாடு போட்டு, பதிவு இலக்கத்தை வாங்கிவிடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று மயில்கள் செத்துக் கிடந்தால் நஞ்சோ தொற்றோ ஆக இருக்கும். தொடவே வேண்டாம், நாயையும் பிள்ளைகளையும் தள்ளி வையுங்கள்.

அறிவித்தும் யாரும் வரவில்லை என்றால், நாள் எண்ணிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் ஒரு கோல், ஒரு குறுஞ்செய்தி: “மயில் இன்னும் என்னிடம் இருக்கிறது, எப்போது எடுப்பீர்கள்?” எத்தனை நாளானாலும் அது உங்கள் வளர்ப்பு மயிலாகாமல், அவர்கள் எடுக்காமல் விட்ட மயிலாக இருக்கும். பிறகு உங்கள் மீதே குற்றம் சொல்ல வந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் கொடுங்கள்: இன்ன திகதி இன்ன நேரம் நான் கொடுத்த அறிவிப்பு எந்தப் பதிவேட்டில் பதியப்பட்டது, அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? வாங்குபவர் உடனே எழுத்தில் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கடிதம் போனதும் கந்தோரில் குரல் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆள் வந்து எடுத்துப்போகும்போது பெயர், பதவி, வாகன இலக்கம், நேரம் எழுதி ஒரு கையொப்பம் கேளுங்கள். பள்ளிக்கூடக் கொப்பித்தாள் போதும். “எதற்கு ஐயா இதெல்லாம்” என்று சிரிப்பார்கள். சிரித்தாலும் பரவாயில்லை, வாங்குங்கள்.

மயில் உங்கள் வீட்டிலேயே இறந்துவிட்டால் உடனே புதைக்க வேண்டாம். மறுபடியும் அதே இலக்கத்துக்குக் கோல் எடுங்கள். புதைத்துவிடுங்கள் என்பார்கள். அதையும் குறுஞ்செய்தியில் வாங்கிக்கொண்டு, கிணற்றுக்குத் தூரமாக, நாய் கிளறாத ஆழத்தில் புதையுங்கள். தோகையில் ஒன்றை மட்டும் எடுத்து வைப்போமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.