தாத்தா போர்க்கைதியாக இருந்தாரா? பதக்கத்தைத் தேய்க்கும் முன் இதைப் படியுங்கள்

ஆயுத பூஜை முடிந்ததும் எனக்கு ஒரு பயம் வந்துவிடும். பெட்டியில் கிடந்த தாத்தாவின் பதக்கங்களை எடுத்து, புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படையலில் வைத்திருப்பார்கள். அடுத்த வாரம் அதே பதக்கத்தோடு என்னிடம் வந்து, "இவர் ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்தாராம், விவரம் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்பார்கள்.

இந்த முறை வந்தது பெங்களூர் மர்பி டவுனைச் சேர்ந்த ஒரு குடும்பம். கையில் இருந்தது பசிபிக் ஸ்டார், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியருக்கு எதிரான போர்முனையில் இருந்தவர்களுக்குத் தந்த பதக்கம். அதன் பின்புறத்தில் படை எண்ணும் பெயரும் பொறித்திருந்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெயரில் பாதியும் எண்ணில் முதல் சில இலக்கங்களும் தெரிந்தன. மற்றதெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டையோ "பத்திரமாக இருக்கட்டும்" என்று லேமினேட் செய்துவிட்டார்கள். மடிப்பு விழுந்திருந்த வரியில்தான் அந்த எண் இருந்தது. லேமினேஷன் சூட்டில் மை பரவி, எண் வெறும் நீலக் கறையாகிவிட்டது.

இதற்கு நடுவில் ஒரு ஏஜென்ட் வேறு பணம் வாங்கிக்கொண்டு "லண்டன் ரெக்கார்டு" என்று ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். அது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பக்கம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் இருப்பவருக்குப் பெயர் மட்டும்தான் ஒத்துப்போகிறது. அப்பா பெயர் வேறு, ஊர் வேறு, இறந்த ஆண்டு 1943. இவர்கள் தாத்தாவோ ஊர் திரும்பி, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, அல்சூரில் வயதாகிக் காலமானவர். அந்த ஆணையத்தின் இரண்டாம் உலகப்போர்ப் பட்டியலில் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். உயிரோடு திரும்பியவர் பெயர் அங்கே இருக்கவே இருக்காது. இது தெரியாத ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். தெரிந்தே ஏமாற்றுகிறவருக்குச் சுத்தமாகக் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் படி படை எண். ராமசாமி, முனுசாமி, கோவிந்தசாமி என்று ஒரே பெயரில் எத்தனையோ பேர் பட்டாளத்தில் இருந்தார்கள். அதையும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு குமாஸ்தா ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார். பெயரை வைத்துத் தேடினால் யாரோ ஒருவர் கிடைக்கத்தான் செய்வார், உங்கள் தாத்தாதான் கிடைக்க மாட்டார். எண், யூனிட், அப்பா பெயர், அன்றைய ஜில்லாவில் கிராமம்: இந்த நான்கில் குறைந்தது மூன்று ஒத்துப்போனால் மட்டுமே நான் "இவர்தான்" என்று சொல்வேன். இன்றைய மாவட்டத்தைச் சொல்லிப் பயனில்லை. திருவண்ணாமலைக்காரர் அன்று வட ஆற்காடு, தருமபுரிக்காரர் சேலம்.

இனி, எனக்கு அதிகம் கோபம் வரும் விஷயம். "சிங்கப்பூரில் பிடிபட்டார், அப்புறம் நேதாஜி கூப்பிட்டார், ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவத்தில்) சேர்ந்துவிட்டார்." பத்துக் குடும்பம் வந்தால் எட்டுக் குடும்பம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் நேதாஜி படத்தையும் மாட்டியிருப்பார்கள். நல்லது, பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அது உண்மையா என்று முதலில் பாருங்கள்.

சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களைத் தனியே பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். சுமார் 45,000 பேர். அன்று மேடையில் நின்று பேசியவர் முதல் ஐ.என்.ஏ.வின் தலைவரான மோகன் சிங். நேதாஜி அப்போது ஜெர்மனியில் இருந்தார், சிங்கப்பூருக்கு அவர் வந்தது 1943 ஜூலையில். நடுவில், 1942 டிசம்பரில், ஜப்பானியரோடு மோதல் ஏற்பட்டு மோகன் சிங் கைதாகி, முதல் ஐ.என்.ஏ. கலைந்தது. அதில் இருந்த பலர் மறுபடியும் கைதி முகாமுக்கே போனார்கள். கடைசிவரை சேராமலே இருந்தவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களில் பலரைக் கூலிப் பட்டாளமாகக் கப்பலேற்றி, பசிபிக் தீவுகளான நியூ கினியாவுக்கும் நியூ பிரிட்டனுக்கும் அனுப்பினார்கள். பசியாலும் நோயாலும் அடியாலும் அங்கே செத்தவர்கள் ஏராளம். போகும் வழியிலேயே போனவர்களும் உண்டு. 1943 ஜனவரி 26 அன்று புயோ மாரு என்ற கப்பல் அமெரிக்க நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியபோது அதில் இருந்த இந்தியக் கைதிகள் 195 பேர் இறந்தார்கள்.

ஆக, ஒரே மனிதர் 1942இல் கைதி, சில மாதம் ஐ.என்.ஏ., திரும்பக் கைதி என்று மூன்றாகவும் இருந்திருக்கலாம். இல்லையென்றால் முதலிலிருந்தே மறுத்து, அதற்காக வதைபட்டிருக்கலாம். மறுத்தவரை ஐ.என்.ஏ. என்று சொல்லிவிட்டால், அவர் மூன்றரை வருஷம் பட்டதெல்லாம் இல்லையென்று ஆகிவிடுகிறதே! சேர்ந்தவரைக் கைதி என்று மட்டும் எழுதினாலும் அதே தப்புதான். நேதாஜி காலத்து ஐ.என்.ஏ.வில் இருந்த தமிழர்களில் பெரும்பங்கினர் பட்டாளத்துக்காரர்களே இல்லை, மலேயாவின் தோட்டங்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வந்து சேர்ந்த பொதுமக்கள். அவர்களுக்கு இந்தியப் படை எண்ணே இருக்காது.

சயாம் மரண ரயில் கதையும் இப்படித்தான். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட வைத்த 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் வேலை செய்த போர்க்கைதிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர்கள். அங்கே மாண்ட தமிழர்களோ மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட கூலித் தொழிலாளிகள். எந்தப் படைப் பட்டியலிலும் அவர்கள் இல்லை. உங்கள் பெரிய தாத்தா ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர் என்றால், போர்க்கைதிக் கோப்பில் தேடி ஏமாறாதீர்கள், அது வேறு தேடல்.

ஜப்பான் ஜப்பான் என்றே எல்லோரும் சொல்வதால் ஐரோப்பாவை மறந்துவிடுகிறோம். வீட்டில் இருப்பது ஆப்பிரிக்கா ஸ்டார், அதாவது வட ஆப்பிரிக்கப் போர்முனைப் பதக்கம், என்றால் யோசியுங்கள். 1942 ஜூனில் லிபியாவின் டோப்ருக்கில் பிடிபட்ட இந்தியர்கள் இத்தாலிக்குப் போனார்கள். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்த பிறகு அவர்களில் பலரை ஜெர்மானியர் தங்கள் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அஞ்சலட்டை வந்தது, செஞ்சிலுவைப் பொட்டலமும் போனது. அந்த அட்டையில் "பி.ஜி. 91" என்று இருந்தால் அது இத்தாலியின் அவெட்சானோ முகாம். அட்டையைப் படம் எடுக்கும்போது முகவரிப் பக்கத்தையும் முத்திரைகளையும் விட்டுவிடாதீர்கள். எனக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான், பலரும் அனுப்புவது "நலம், நலமறிய ஆவல்" என்ற பக்கம்.

வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால் தயவுசெய்து இந்த மாதமே உட்கார்ந்து கேளுங்கள். "தாத்தா நேதாஜியைப் பார்த்தாரா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மணியார்டர் எப்போது நின்றது, மறுபடி எப்போது வந்தது, காணவில்லை என்று தந்தி வந்ததா, திரும்பி வந்தபோது அறுவடைக் காலமா மழைக்காலமா, வந்த பிறகு பட்டாளத்தில் தொடர்ந்தாரா, இல்லை உடனே அனுப்பிவிட்டார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். போர் முடிந்ததும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து திரும்பிய கைதிகளை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். கறுப்பு என்றால் ஐ.என்.ஏ.வில் உறுதியாக நின்றவர் என்று பொருள். சம்பளப் பாக்கி கிடைத்ததா, வெறுங்கையோடு வந்தாரா என்ற குடும்ப நினைவே பல நேரம் பாதி விடையைச் சொல்லிவிடும்.

அப்புறம் எழுத வேண்டிய இடம். சிப்பாய்களின் ஆவணம் லண்டனில் இல்லை, அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீசில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் இங்கே பெங்களூரிலேயே, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில். பென்ஷன் வாங்காதவர்களின் சர்வீஸ் பேப்பர்களை 25 வருஷத்துக்குப் பிறகு விதிப்படி அழித்துவிடுவார்கள். அதனால் "கோப்பு இல்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், "லாங் ரோல் பதிவின் விவரம் வேண்டும்" என்று தனியாகக் கேளுங்கள். லாங் ரோல் என்பது படைப்பிரிவில் சேர்ந்தவர்களின் பெயர்ப் பதிவேடு, அதை அழிப்பதில்லை. ஐ.என்.ஏ. கோப்புகளுக்கு டெல்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அபிலேக் படல் என்ற அதன் தளத்தில் வீட்டிலிருந்தே தேட ஆரம்பிக்கலாம்.

ஜெனீவாவில் உள்ள செஞ்சிலுவைக் குழுவுக்கும் எழுதலாம். ஆனால் இரண்டாம் போர்க் கைதிகள் பற்றிய விண்ணப்பங்களை அவர்கள் வருடம் முழுக்க வாங்குவதில்லை. குறிப்பிட்ட நாட்களில் திறப்பார்கள், எண்ணிக்கை நிறைந்ததும் மூடிவிடுவார்கள், காத்திருந்து போடுங்கள். ஜப்பானியர் பிடித்த இந்தியர்களைப் பற்றி அங்கே அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 1929 ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்துப் போட்டதோடு சரி, அதை உறுதிசெய்யவே இல்லை. போருக்குப் பிறகு நடந்த விசாரணைகளில், இந்தியர்கள் கைதிகளே அல்ல, விரும்பி வேலைக்கு வந்தவர்கள் என்றுகூட ஜப்பானியர் தரப்பில் வாதாடினார்கள். இத்தாலி, ஜெர்மனிக் கைதிகளுக்கு அங்கே விவரம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல்.

என்னிடம் வரும்போது பதக்கத்தை அழுக்கோடே கொண்டுவாருங்கள். காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், மடிப்பை இஸ்திரி போடாதீர்கள். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, ஒரு கெட்டி அட்டையோடு எடுத்து வந்தால் போதும்.