போனட்டின் நிறமும் தகட்டில் இருக்கும் ஊரும்

இருபது வருஷத்துக்கு மேலாக டிராக்டர் பிரித்து மாட்டுவதுதான் எனக்குப் பிழைப்பு. ஒரு வண்டி பட்டறைக்குள் வந்ததும் நான் முதலில் போனட்டைத் திறப்பதில்லை. பழைய துணியை டீசலில் நனைத்து, சேஸிஸில் அடித்திருக்கும் தகட்டைத் துடைப்பேன். சேறும் கிரீசும் போனால் மாடல் எண், வரிசை எண், பல வண்டிகளில் எந்த ஊரில் செய்தார்கள் என்பது வரைக்கும் தெரியும். வண்டிக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது அங்கேயா செஞ்சது?" என்பார். எட்டு வருஷம் அதே சீட்டில் உட்கார்ந்து ஓட்டியவர் அப்படிக் கேட்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தத் தொழிலில் பெயர் ஓரிடத்தில் இருக்கும், தொழிற்சாலை வேறிடத்தில் இருக்கும். ஜான் டீரை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையிடம் அமெரிக்காவின் மொலின். பெரிய 8ஆர், 9ஆர் வண்டிகள் அதே நாட்டின் வாட்டர்லூவில் உருவாகின்றன. அந்த ஊரில் இருந்த ஒரு டிராக்டர் கம்பெனியை 1918-ல் வாங்கித்தான் ஜான் டீர் டிராக்டருக்குள்ளேயே நுழைந்தது. 6ஆர் ஜெர்மனியின் மன்ஹைமில் செய்யப்படுகிறது, 1956-க்கு முன்னால் அது லான்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை. சின்ன வண்டிகளை இந்தியாவில் புனேயிலும் தேவாஸிலும் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அதே பச்சை, அதே மஞ்சள் சக்கரம்.

நியூ ஹாலந்து இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தின் பாஸில்டனில் 1964-ல் ஃபோர்டு திறந்த தொழிற்சாலை பிறகு அவர்கள் கைக்கு வந்தது. அதைவிட்டால் இத்தாலியின் யேசி, இந்தியாவின் கிரேட்டர் நொய்டா, பிரேசிலின் குரிச்சிபா, அப்புறம் துருக்கி. நியூ ஹாலந்தை வைத்திருக்கும் குழுமம்தான் கேஸ் ஐ.எச். வண்டியையும் ஸ்டையர் வண்டியையும் செய்கிறது, கேஸ் ஐ.எச். வண்டிகளில் பலவும் ஸ்டையரும் ஆஸ்திரியாவின் சாங்க்ட் வாலன்டினில் ஒரே கூரைக்குக் கீழே உருவாகின்றன. எது உசத்தி என்று இரண்டு பேர் விடிய விடிய வாதாடலாம், வண்டிகள் என்னவோ ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஃபெண்ட் (ஜெர்மனியின் மார்க்டோபர்டார்ஃப்), மாஸி ஃபெர்குசன் (பிரான்ஸின் போவே), வால்ட்ரா (பின்லாந்தின் சுவோலாட்டி) மூன்றும் ஆக்கோ என்ற ஒரே அமெரிக்கக் குழுமத்தின் பெயர்கள். இந்தியாவில் மாஸி ஃபெர்குசன் செய்வது டாஃபே. ஜெர்மனியின் க்ளாஸ் 2003-ல் ரெனோவின் டிராக்டர் பிரிவை வாங்கியதால் அதன் டிராக்டர்கள் பெரும்பாலும் பிரான்ஸின் ல மானில் இருந்து வருகின்றன. குபோட்டா ஜப்பானிலும் செய்கிறது, அமெரிக்காவின் ஜார்ஜியாவிலும் தாய்லாந்திலும் செய்கிறது, 2022-லிருந்து ஃபரிதாபாத்தின் எஸ்கார்ட்ஸும் அதன் பிடியில். எண்ணிக்கையில் உலகத்திலேயே அதிகம் விற்பது மஹிந்திரா, அவர்கள் 2007-ல் வாங்கிய ஸ்வராஜ் இன்னமும் தனிப் பெயரோடு ஓடுகிறது.

இதுகூட நேரடிக் கணக்குதான். ஒருத்தர் செய்து இன்னொருத்தர் பெயர் ஒட்டி விற்பது தனிக் கதை. சின்ன மாஸி ஃபெர்குசன் வண்டிகளில் ஜப்பானின் இசேகி செய்தவை உண்டு, நியூ ஹாலந்தின் பூமர் வரிசையில் கொரியாவின் எல்.எஸ். செய்தவை உண்டு. திராட்சைத் தோட்டத்துக்கான ஒடுக்கமான டிராக்டர்களை இத்தாலியின் ரொவீகோவில் கராரோவின் தொழிற்சாலை நாலைந்து பிராண்டுகளுக்கு அவரவர் நிறத்தில் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறது. வண்டியைப் பிரித்தால் உள்ளேயும் இதே கூட்டுக் குடும்பம்தான், எஞ்சின் பெர்கின்ஸ் என்றிருக்கும், கியர்பாக்ஸ் இசட்.எஃப்., முன் அச்சு கராரோ, இன்ஜெக்டர் பாஷ். "இது எந்த நாட்டு வண்டி?" என்று கேட்டால் நான் எதைக் காட்டி என்ன சொல்வது?

சரி, அப்படியானால் தகட்டில் இருக்கும் ஊர் எதற்கு? உதிரிபாகத்துக்கு. ஒரே மாடல் பெயரில் இரண்டு தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகளுக்கு வாட்டர் பம்ப் வேறு வேறாக இருந்து, தப்பான பம்பை வரவழைத்து ஒரு வாரத்தை நானே பாழாக்கியிருக்கிறேன். பம்ப் பார்க்க அச்சு அசலாக அதுதான். போல்ட் துளை மட்டும் விரற்கடை தள்ளி. அதற்குப் பிறகுதான் இந்தத் துணிப் பழக்கம் வந்தது.

இன்னொரு உபயோகமும் உண்டு, பழைய வண்டியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ விற்க அண்மைக் காலத்தில் செய்த நடுத்தர, பெரிய வண்டிகள் பலவற்றில் புகைக் கட்டுப்பாட்டுக்காக டீசல் துகள் வடிகட்டியும், பல வண்டிகளில் யூரியாக் கரைசல் தொட்டியும் இருக்கும். அவை கந்தகம் மிகக் குறைந்த டீசலுக்காகச் செய்தவை, ஐரோப்பாவில் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), அமெரிக்காவில் 15 பி.பி.எம். வரம்பு. கந்தகம் கூடிய டீசல் கிடைக்கிற இடத்தில் அதே வண்டியை ஓட்டினால் வடிகட்டி அடைக்கும், பவர் குறையும், கம்ப்யூட்டர் எச்சரிக்கை விளக்கு போடும். ஓட்டுகிறவர் வண்டி சரியில்லை என்பார். வண்டியில் கோளாறில்லை, வந்து சேர்ந்த இடத்தில்தான் கோளாறு.

இனி வாங்குகிறவர்கள் பக்கம் வருகிறேன். நான் பார்த்த வரையில் முக்கால்வாசிப் பேர் பிராண்டைத் தேர்ந்தெடுப்பதே இல்லை, அது வீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அப்பா சிவப்பு ஓட்டினார், மகனும் சிவப்பு. பக்கத்து நிலத்துக்காரர் நீலம் வாங்கினால் அடுத்த மாதம் இன்னொரு நீலம் வரும். இதைப் படித்தவர்கள் கேலி செய்வதுண்டு, நான் செய்ய மாட்டேன். பத்து பேர் ஒரே வண்டி வைத்திருக்கும் இடத்தில் அந்த வண்டியின் சத்தம் கேட்டே கோளாறு சொல்கிற மெக்கானிக் இருப்பார், கடையில் ஃபேன் பெல்ட் தொங்கும், அவசரத்துக்கு அடுத்தவர் வண்டியிலிருந்து ஒரு ரிலேயைக் கழற்றி மாட்டலாம், விற்கும்போதும் ஆள் வருவார். அந்தக் கூட்டத்தில் சேருவதில் நிஜமான லாபம் இருக்கிறது. ஏமாறுவதெல்லாம் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை நம்பும்போதுதான்.

பெயரை நம்பி ஏமாந்தவருக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி, ஃபோர்டு என்ற பெயரைப் பார்த்து ஒரு டிராக்டர் வாங்கினார். அது ஹென்றி ஃபோர்டுக்குச் சம்பந்தமே இல்லாத வண்டி. மினியாபொலிஸில் ஒரு கம்பெனி, ஃபோர்டு என்ற பெயருள்ள ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பெயரில் விற்றது. ஹென்றி ஃபோர்டு தன் சொந்த டிராக்டரை ஃபோர்ட்சன் என்ற பெயரில் இறக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். குரோசியரின் வண்டி வேலைக்கு ஆகவில்லை. மனுஷன் புலம்பிக்கொண்டு இருக்கவில்லை, சட்டமன்றத்துக்குப் போனார், 1919-ல் ஒரு சட்டம் வந்தது: அந்த மாநிலத்தில் விற்கும் டிராக்டர் மாடல் பல்கலைக்கழகத்தில் சோதனைக்கு உட்பட வேண்டும், விளம்பரத்தில் சொன்னது சோதனையோடு ஒத்துப்போக வேண்டும், உதிரிபாகமும் மாநிலத்துக்குள் இருப்பில் வைத்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைப் படித்தபோது எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது எனக்கு. நூறு வருஷம் முன்பே ஒருத்தருக்கு அது புரிந்திருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கனில் சோதனைகள் 1920-ல் தொடங்கின, இன்றைக்கும் நடக்கின்றன, அறிக்கைகள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பல நாடுகளில் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் விதிமுறைப்படி சோதிக்கிறார்கள், இந்தியாவில் புத்னியில் ஒரு மத்திய நிலையம் இருக்கிறது. டீலரிடம் சோதனை அறிக்கை கேட்டு வாங்குங்கள். வழவழப்பான விளம்பரத் தாளைக் கொடுத்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

அறிக்கையில் முதலில் பி.டி.ஓ. பவரைப் பாருங்கள், அதாவது பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டுக்கு வரும் பவர். போனட்டில் 55 என்று எழுதியிருப்பது எஞ்சின் பவர். கியரையும் தண்டையும் தாண்டிப் பின்னால் சுழலும் பி.டி.ஓ.வுக்கு வரும்போது அதில் பத்து, பதினைந்து சதவீதம் கரைந்துவிடும், ஹைட்ராலிக் பம்பும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ரோட்டவேட்டர் சுற்றுவது பின்னால் மிஞ்சியதை வைத்துத்தான். அப்புறம் பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும்போது எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரே வேலையை ஒரு வண்டி நிதானமாகவும் இன்னொன்று கத்திக்கொண்டும் செய்யும், அந்தக் கத்தலுக்கு டீசல் நீங்கள்தான் ஊற்ற வேண்டும்.

தூக்கும் திறனிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கலப்பையைத் தூக்கும் பின்கை இரண்டின் நுனியிலேயே அளந்தால் எண் பெரிதாக வரும், அதிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி அளந்தால் சிறிதாகும். கலப்பையின் எடை எங்கே உட்காருகிறது? பின்னால்தான். இரண்டு பிராண்டை ஒப்பிடுகிறவர்கள் ஒன்றில் நுனிக் கணக்கையும் இன்னொன்றில் தள்ளிய கணக்கையும் பார்த்துவிட்டு முடிவெடுத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஹாரி ஃபெர்குசன் கண்டுபிடித்து 1939-ல் ஃபோர்டு டிராக்டரோடு பரவிய மூன்று புள்ளி இணைப்புதான் இன்று எல்லோரிடமும் இருக்கிறது. இணைப்பின் அளவைச் சொல்லும் வகை எண் ஒன்றாக இருந்தால் பச்சை வண்டியின் கலப்பை நீல வண்டியிலும் மாட்டும். "இந்தக் கலப்பைக்கு இந்தக் கம்பெனி வண்டிதான் சரி" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பெரிய வண்டி வாங்குகிறவர்கள் மென்பொருளைப் பற்றியும் கேட்க வேண்டிய காலம் இது. சென்சார் ஒன்று போனால் மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை, ஆனால் புதிய சென்சாரை வண்டியின் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ள கம்பெனியின் லேப்டாப் வரவேண்டும் என்ற நிலை இருக்கிறது. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போய்விட்டது. விவசாயக் கருவிகளைச் சொந்தமாகப் பழுது பார்க்கும் உரிமைக்கு 2023-ல் கொலராடோ சட்டம் போட்டது, 2025 ஜனவரியில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அந்நாட்டின் எஃப்.டி.சி. அமைப்பு ஜான் டீர் மேல் வழக்கே தொடுத்தது. என்னைப் போன்ற தனிப் பட்டறைக்காரனுக்கு இதில் ஆதாயம் உண்டு என்பதால் என் பேச்சைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே கேளுங்கள், பரவாயில்லை.

ஒரு வண்டியை மறக்க முடியாது. பிராண்ட் பெயர் வேண்டாம், நல்ல வண்டிதான், எஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது. உழவு நேரத்தில் ஹைட்ராலிக் பம்பின் ஆயில் சீல் போய்விட்டது. உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர் வளையம். டீலரிடம் இல்லை, மொத்தக் கிடங்கிலும் இல்லை, தொழிற்சாலையிலிருந்து வர பத்தொன்பது நாள். மழை பெய்து மண் பதமாக இருந்தது, அந்த மனிதர் தினமும் காலையில் பட்டறை வாசலில் வந்து நிற்பார், ஒன்றும் பேச மாட்டார், வண்டியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். வளையம் வந்து சேர்ந்தபோது மண் இறுகிவிட்டது.

அதிலிருந்து வண்டி வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் ஒரு துண்டுத்தாளில் ஐந்து பெயர் எழுதிக் கொடுக்கிறேன்: கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்ப் சீல் கிட், வாட்டர் பம்ப், முன் அச்சு ஆயில் சீல், டீசல் ஃபில்டர். ஷோரூமுக்குப் போங்கள், புது வண்டி பக்கமே போகாதீர்கள், நேராக ஸ்பேர்ஸ் கவுன்டரில் நில்லுங்கள், நீங்கள் வாங்க நினைக்கிற மாடலைச் சொல்லி இந்த ஐந்தையும் கேளுங்கள். கவுன்டரில் இருப்பவர் அலமாரிப் பக்கம் திரும்புகிறாரா, கம்ப்யூட்டர் பக்கம் திரும்புகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

போன வருஷம் ஒரு பையன் அப்படியே செய்தான். முதல் இடத்தில் ஐந்துக்கும் "ஆர்டர் போட்டா வந்துடும் சார்". இரண்டாவது இடத்தில் கவுன்டர்காரர் எழுந்து போய் நாலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, சீல் கிட் மட்டும் நாளைக்கு வரும் என்றார். அங்கேயே வாங்கிவிட்டான். முதல் சர்வீஸுக்கு வந்தபோது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வண்டி நன்றாக ஓடுகிறதாம், அப்பா மட்டும் இன்னும் அதில் ஏறவில்லையாம், நிறம் பிடிக்கவில்லை என்று.