தெர்மலின் விளிம்பில் ஒரு ஹேங் கிளைடர்

வானம் தெளிவாக இருக்கிறது, நல்ல வெயில், காற்றும் பலமில்லை. இறக்கைக்கு அடியில் பட்டையில் தொங்கிக்கொண்டு பறக்கும் ஹேங் கிளைடரில் கிளம்ப இதைவிடத் தோதான நாள் ஏது என்று தரையில் நிற்பவருக்குத் தோன்றும். மலைச்சரிவில் இறக்கையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் அனுபவமுள்ள பைலட் மட்டும் கிளம்பத் தயங்குவார். காற்றழுத்தம் அதிகமாக இருக்கும் இதுபோன்ற நாட்களில்தான் தெர்மல்கள் குறுகலாகவும் முரட்டுத்தனமாகவும் எழும்பும்.

தெர்மல் என்பது சூடேறி மேலே எழும் காற்று. எஞ்சின் இல்லாத ஹேங் கிளைடருக்கு அதைவிட்டால் வேறு போக்கிடம் குறைவு. அசையாத காற்றில் அது விநாடிக்குச் சுமார் 1 மீட்டர் வீதம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆயிரம் மீட்டர் உயரம் இருந்தாலும் கால் மணி நேரத்தில் தரைதான். அப்படிப்பட்ட இறக்கையில் டஸ்டின் மார்ட்டின் என்ற பைலட் 2012 ஜூலை 3 அன்று டெக்சாஸின் சபாட்டாவிலிருந்து கிளம்பி 764 கிலோமீட்டர் பறந்தார். இறங்கும் வேகத்தைவிட அதிக வேகத்தில் ஏறும் காற்றைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்தால்தான் இது நடக்கும்.

சூரியன் காற்றை நேரடியாக அதிகம் சூடாக்குவதில்லை. தரையைச் சூடாக்குகிறது, தரை தன்மேல் கிடக்கும் காற்றைச் சூடாக்குகிறது. பாறையும் காய்ந்த மண்ணும் சீக்கிரம் சூடேறும், ஈரநிலமும் காடும் பின்தங்கும். ஆனால் சூடான காற்று உடனே கிளம்பிவிடாது, தரையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். கொடியில் போட்ட ஈரத்துணியில் தண்ணீர் கீழோரத்துக்கு வந்து சேர்ந்துதான் சொட்டும் இல்லையா, அதைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள். சூடான காற்றும் சரிவில் மெல்ல நகர்ந்து, பாறை முகட்டிலோ மரவரிசையிலோ வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்திலோதான் பிய்த்துக்கொண்டு எழும். அதனால் பைலட் தரையில் முதலில் தேடுவது விளிம்புகளைத்தான்.

எழுந்த காற்று எவ்வளவு தூரம் போகும்? மேலே போகப் போக அழுத்தம் குறையும், காற்று விரியும், விரிவதால் குளிரும். அதிலுள்ள ஈரம் மேகமாகாத வரை 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி செல்சியஸ் இறங்கும். தரையில் சுற்றியுள்ள காற்று 30 டிகிரி, எழும் காற்று 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சுற்றியுள்ள காற்று 100 மீட்டருக்கு 0.7 டிகிரிதான் குறைகிறது என்றால், எழும் காற்றுக்கு இருக்கும் 2 டிகிரி சாதகம் ஒவ்வொரு 100 மீட்டரிலும் 0.3 டிகிரி கரையும். கிட்டத்தட்ட 670 மீட்டரில் இரண்டும் சமமாகிவிடும், ஏற்றம் அங்கே நின்றுபோகும். சுற்றியுள்ள காற்றும் 1 டிகிரியை நெருங்கிக் குறைந்தால் அதே தெர்மல் இன்னும் வெகுதூரம் ஏறும்.

அழுத்தம் அதிகமான நாளில் மேலடுக்குக் காற்று மெல்லக் கீழே அமுங்கி வரும், அமுங்குவதாலேயே சூடாகும். அதனால் ஓர் உயரத்துக்கு மேலே குளிர்ச்சிக்குப் பதிலாக வெதுவெதுப்பான அடுக்கு ஒன்று படுத்திருக்கும். இதை இன்வெர்ஷன் என்பார்கள். லேசான தெர்மல் அதில் முட்டிச் சிதறிவிடும். ஊடுருவிப் போக வேண்டுமென்றால் தரை இன்னும் நன்றாகச் சூடேற வேண்டும். அப்படி இறுதியில் கிளம்புவது சூடும் வேகமும் அதிகமான, ஒடுங்கிய தெர்மலாக இருக்கும். பல நேரம் மேகமும் உருவாகாது. எங்கே ஏற்றம் இருக்கிறது என்று காட்ட, வட்டமிடும் பருந்தைத் தவிர வானத்தில் வேறு அடையாளம் இருக்காது.

இந்தக் காற்றில் உண்மையான தொல்லை தெர்மலுக்குள் இல்லை, அதன் ஓரத்தில் இருக்கிறது. நடுவில் காற்று விநாடிக்கு 4 மீட்டர் ஏறுகிறது, வெளியே 2 மீட்டர் இறங்குகிறது என்று வைப்போம். கிளைடரின் வேகம் விநாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர். ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்குள் அப்படியே நுழைந்தால், காற்று இறக்கையில் வந்து மோதும் கோணம் ஏறக்குறைய 27 டிகிரி சரியும். மூக்கு குப்புறக் கவியும், ஆளைத் தாங்கும் பட்டை தளரும், ஒரு கணம் உடம்புக்கு எடையே இருக்காது. கட்டுப்பாடு முழுவதும் உடம்பின் எடையை நகர்த்துவதில்தான் இருக்கிறது என்பதால் அந்தக் கணத்தில் பைலட் கையில் எதுவுமில்லை. நிஜத்தில் ஓரம் இவ்வளவு சட்டென்று மாறாது, இறக்கையும் காற்றோடு சேர்ந்து கொஞ்சம் நகரும். ஆனால் முரட்டு நாட்களில் இந்தக் கணக்கு பயமுறுத்தும் அளவுக்கு உண்மையை நெருங்கிவிடும்.

வேகத்தை விநாடிக்கு 18 மீட்டராக்கினால் அதே ஓரத்தில் கோணம் சரிவது சுமார் 18 டிகிரிதான். கொந்தளிப்பான காற்றில் பைலட் கைப்பிடியைத் தன்பக்கம் இழுத்துக் கூடுதல் வேகத்தோடு பறப்பது இதற்காகத்தான். அதற்கும் ஓர் எல்லை உண்டு. மிக வேகமாகப் போய் மோதினால் சட்டகத்தின் மேல் விழும் சுமை கூடிவிடும்.

ஹேங் கிளைடருக்கு வால் கிடையாது. மூக்கு ரொம்பக் கவிந்தால் இறக்கைத் துணி தொய்ந்து, மீளமுடியாத பாய்ச்சலில் விழுந்த விபத்துகள் 1970-களில் நடந்தன. அதன்பிறகுதான் இறக்கையின் பின்விளிம்பு ஓரளவுக்குமேல் கீழே போகாதபடி தாங்கும் கம்பிகளும் குச்சிகளும் வந்தன. ஓடும் வண்டியில் இறக்கையைப் பொருத்திச் சோதிக்கும் முறையும் வந்தது. இத்தனைக்கும் பிறகும் முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்க வாய்ப்பு இருப்பதால் பைலட் நெஞ்சருகே ஒரு அவசர பாராசூட் இருக்கும்.

சரி, உள்ளே நுழைவது எப்படி? வலது இறக்கை தெர்மலின் ஓரத்தைத் தொட்டால் அது மேலே தூக்கப்படும், கிளைடர் இடப்பக்கம் சாயும். சும்மா இருந்தால் தெர்மலே ஆளை வெளியே தள்ளிவிடும். எழும்பிய இறக்கையின் பக்கமே உடம்பை நகர்த்தி அதை அமுக்கித் திரும்ப வேண்டும். பிறகு 30 டிகிரி சாய்வில் சுமார் 25 மீட்டர் ஆரத்தில் ஒரு சுற்று, ஏறக்குறைய 13 விநாடியில். ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் கருவியான வேரியோமீட்டர், ஏறும்போது பீப் பீப் என்று அடிக்கும், இறங்கினால் தாழ்ந்த குரலில் முனகும். கருவி சொல்வது சற்றுப் பிந்தித்தான் வருகிறது என்பதால், சத்தம் உச்சத்துக்குப் போன இடம் எது என்று நினைவில் வைத்து அடுத்த சுற்றைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுவார்கள். ஒடுங்கிய தெர்மலில் இந்தச் சுற்றின் ஒரு பாதி ஏற்றத்திலும் மறுபாதி இறக்கத்திலும் போய்விடுவதுண்டு. அப்போது சாய்வைக் கூட்டி வட்டத்தைச் சுருக்க வேண்டும், ஆனால் சாய்வு கூடினால் கிளைடர் தானாக இறங்கும் வேகமும் கூடும். காற்றும் வீசினால் தெர்மல் சாய்ந்து நிற்கும், வட்டமும் காற்றோடு நகர வேண்டும். அப்படி நகரும்போது மலை முகட்டைத் தாண்டிப் பின்புறம் போய்விடக் கூடாது. அங்கே சுழன்று கீழே அடிக்கும் காற்று தெர்மலின் ஓரத்தைவிட மோசமானது.

எனக்கு இதில் அதிகம் கவலை தருவது தரையிறங்கும் நேரம். இறங்கும் வயலிலேயே ஒரு தெர்மல் கிளம்பினால் அந்த இடத்தை நிரப்ப நாலாபுறமிருந்தும் காற்று ஓடிவரும். காற்றுத்திசை காட்டும் துணிக்குழாய் அரை நிமிடத்தில் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். அதனால் கடைசி நேரம் வரை கூடுதல் வேகத்தைக் கையில் வைத்திருந்து, கால் தரையைத் தொடும் தறுவாயில்தான் கைப்பிடியை முழுவதுமாக முன்னே தள்ளி மூக்கைத் தூக்குவார்கள். கிளம்பும் நேரத்தைத் தள்ளிப்போடுவதும் உண்டு. பிற்பகல் சாயச் சாயத் தரைக்கு வரும் வெயில் குறையும், தெர்மல்களின் வேகமும் தணியும். நண்பகலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூத்த பைலட்டுகள் அப்போதுதான் இறக்கையைத் தூக்குவார்கள்.