ஆக்குபேஷனல் தெரபி: சொல்லும், மழலையருக்கு அதை வழங்கும் முறையும்

‘குழந்தைக்கு ஆக்குபேஷனல் தெரபி தேவை’ என்று மதிப்பீட்டு அறிக்கையில் படிக்கும் பெற்றோர் பலருக்கும் முதலில் எழும் ஐயம், நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில் இருக்கிறது என்பதுதான். ஐயம் நியாயமானதே. ‘தொழில்முறை சிகிச்சை’ என்றும் ‘தொழிற்சிகிச்சை’ என்றும் தமிழில் எழுதப்படும்போது, பிழைப்புக்காகச் செய்யும் வேலையே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இச்சொல் குறிப்பது வேறு. உண்பது, உடுத்துவது, விளையாடுவது, வரைவது, பிற குழந்தைகளோடு பாயில் அமர்ந்து கதை கேட்பது எனக் குழந்தையின் நாளை நிரப்பும் செயல்களில் உடலாலோ புலனுணர்வாலோ சூழலாலோ தடை ஏற்படும்போது, அத்தடை எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து, அச்செயலிலேயே குழந்தையை ஈடுபடுத்தியும், கருவியையும் சூழலையும் திருத்தியும் அதை நீக்க முயலும் துறை இது.

‘ஆக்குபேஷன்’ என்பதன் வேர், கைப்பற்றுதல் என்னும் பொருளுடைய ‘ஆக்குபாரே’ என்ற இலத்தீன் வினைச்சொல். ஒரு நாட்டைப் படை கைப்பற்றுவதையும் ஒரு மனிதரின் நேரத்தை ஒரு செயல் ஆட்கொள்வதையும் ஆங்கிலம் இன்றும் இதே சொல்லால் சுட்டுவது இதனால்தான். ‘தெரபி’ கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘தெரபேயா’ என்றால் உடனிருந்து பணிவிடை செய்து பேணுதல். நோய் தீர்த்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. இரண்டையும் இணைத்துத் துறையின் பெயராக்கியவர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். காசநோயாலும் பக்கவாதத்தாலும் துன்புற்ற அவர், கைவேலைகளில் ஈடுபட்டே உடல் தேறியவர். 1917 மார்ச்சில், நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் இருந்த அவரது இல்லத்தில்தான் இத்துறைக்கான முதல் அமெரிக்கச் சங்கம் தொடங்கப்பட்டது. வில்லியம் ரஷ் டன்டன் என்ற மனநல மருத்துவரும் எலினார் கிளார்க் ஸ்லேகிலும் அதன் நிறுவனர்களுள் இருந்தனர். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களைப் பழைய வாழ்க்கைக்குத் திருப்பும் பணியில் துறை வளர்ந்ததால், பிழைப்பு என்ற வாடை அதன் பெயரில் ஒட்டிக்கொண்டது. குழந்தைகள் பக்கம் அது பெருமளவு திரும்பியது பிற்பாடுதான்.

தமிழில் ‘தொழில்’ என்ற சொல்லும் தொடக்கத்தில் இவ்வளவு குறுகியதாக இருக்கவில்லை. உண்ணல், உடுத்தல், ஆடல், வரைதல் ஆகியவற்றை இலக்கணம் தொழிற்பெயர் என்கிறது. அங்கே தொழில் என்றால் செயல், அவ்வளவே. ஆகவே ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்று முதலில் எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் இன்றைய வாசகர் இலக்கணப் பொருளில் அச்சொல்லைப் படிப்பதில்லை. ‘தொழில்சார் சிகிச்சை’ என்பது ஆலைத் தொழிலாளருக்கு வரும் தொழில்சார் நோய்களை நினைவூட்டுகிறது. ‘செயல்முறை மருத்துவம்’ ஓரளவு நெருங்கி வருகிறது என்றாலும், செயல்முறை என்பது ஒன்றைச் செய்து முடிக்கும் படிமுறையைக் குறிக்கப் பழகிவிட்ட சொல். ‘இயன்முறை’ பிசியோதெரபிக்கு நிலைத்துவிட்டது. என் தேர்வு ‘செயல்வழிச் சிகிச்சை’. செயலே இலக்கு, செயலே வழி என்ற இரண்டையும் அது ஒருங்கே சொல்கிறது. ‘சிகிச்சை’க்குப் பதில் ‘மருத்துவம்’ என்றால் மருந்தை எதிர்பார்ப்பார்கள். ‘பயிற்சி’ என்றால் குழந்தையைத் திரும்பத் திரும்பப் பழக்குவது மட்டுமே வேலை என்று ஆகிவிடும். தனித்தமிழை விரும்புவோர் ‘பண்டுவம்’ என்று எழுதலாம். எனக்கு அதில் மறுப்பில்லை.

இச்சிகிச்சையை மழலையருக்கு எந்த முறையில் வழங்குவது என்று பேசத் தொடங்கும்போது வேறொரு சொற்கூட்டம் வந்து சேர்கிறது. இதன் பெரும்பகுதி அமெரிக்கப் பள்ளிகளில் பிறந்தது. அங்கே 1975-ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் சிறப்புக் கல்விக்குத் துணைசெய்யும் ‘தொடர்புடைய சேவை’களுள் ஒன்றாக இச்சிகிச்சையைச் சேர்த்தது, 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் 3 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அந்த உரிமையை உறுதிப்படுத்தியது. சிகிச்சை பள்ளிக்குள் நுழைந்த பிறகு, அதை எங்கே, யாரைக் கொண்டு, எவ்வளவு நேரம் வழங்குவது என்பது எழுதி முடிவு செய்ய வேண்டிய கேள்வியாயிற்று. சிகிச்சையாளர் குழந்தையோடு தாமே அமர்ந்து பணியாற்றுவது நேரடிச் சேவை. குழந்தையை வேறு அறைக்கு அழைத்துச் சென்றால் அது ‘புல்-அவுட்’, அதாவது தனியறைச் சேவை. வகுப்பின் இயல்பான நடவடிக்கைகளுக்குள் சிகிச்சையாளரே புகுந்து பணியாற்றினால் ‘புஷ்-இன்’, அதாவது வகுப்பறைச் சேவை. ஆசிரியரோடும் பெற்றோரோடும் கலந்து, நாள்தோறும் அவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவற்றை வகுத்துத் தருவது ‘கன்சல்டேஷன்’. இதற்குக் ‘கலந்தாய்வு’ என்ற சொல் போதும். ‘ஆலோசனை’ என்று எழுதினால் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது போலாகிவிடும். உண்மையில் ஆசிரியர் கண்டது இல்லாமல் சிகிச்சையாளரால் எதையும் வகுக்க இயலாது.

பெற்றோரில் பலர் தனியறைச் சேவையே முழுச் சேவை என்றும் கலந்தாய்வு என்பது கைகழுவும் ஏற்பாடு என்றும் கருதுகிறார்கள். சில இடங்களில் ஆள் பற்றாக்குறையை மறைக்கக் கலந்தாய்வு என்ற பெயர் பயன்படுவதும் உண்டு. ஆகவே அந்த ஐயத்தை அடியோடு தள்ளிவிட முடியாது. ஆனால் எது கூடுதல், எது குறைவு என்று நிமிடங்களை எண்ணிப் பார்ப்பதால் முடிவு கிடைக்காது. எந்தச் செயலில் தடை, அத்தடை எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெளிவாக எழுதிவிட்டால், முறை பெரும்பாலும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

இதற்கு நன்னூலின் ஒரு நூற்பா வியப்பூட்டும் அளவுக்கு உதவுகிறது. ‘செய்பவன் கருவி நிலம்செயல் காலம் செய்பொருள் ஆறும் தருவது வினையே’ என்கிறார் பவணந்தியார். செய்பவர், கருவி, இடம் (நிலம்), செயல், காலம், செய்யப்படும் பொருள் ஆகிய ஆறையும் உணர்த்துவது வினை என்பது இதன் பொருள். வினைச்சொல்லுக்கு அவர் சொன்ன இலக்கணம் சிகிச்சைக்காக எழுதப்பட்டதன்று. ஆயினும், ஒரு செயலை அது நிகழும் இடத்திலிருந்தும் நேரத்திலிருந்தும் பிரித்துப் பார்க்காத அந்தப் பார்வையும் இத்துறையின் பார்வையும் ஒன்றே. நான்கரை வயதுக் குழந்தை ஒன்று, வெளியே விளையாடப் போகும் முன் மேற்சட்டையின் பொத்தானைப் போட இயலாமல் அழுகிறது என்று கொள்வோம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பொத்தானைப் பிடித்து, மறுகையால் துளையை விரித்து, இரண்டையும் ஒருங்கே நகர்த்த விரல்கள் இன்னும் பழகவில்லை என்றால் தடை செய்பவரிடம் இருக்கிறது; அதற்குக் கவனம் சிதறாத ஓரிடத்தில் சில வாரங்கள் நேரடிச் சேவை தருவது பொருத்தம். துணி விறைப்பாகவும் பொத்தான் சிறிதாகவும் இருந்தால் தடை கருவியில் இருக்கிறது. வேறு சட்டையே போதும். தனியறையில் நிதானமாகப் பொத்தானைப் போட்டுவிடும் அதே குழந்தை, இருபது பிள்ளைகள் இடித்துக்கொண்டு நிற்கும் கதவோரத்தில் மட்டும் திணறினால், தடை நிலத்திலும் காலத்திலும் இருக்கிறது. அப்போது தனியறையில் இன்னும் எத்தனை அமர்வுகளைச் சேர்த்தாலும் பயன் சொற்பம். சற்று முன்னதாகவே அக்குழந்தையை ஆயத்தப்படுத்த ஆசிரியரோடு கலந்தாய்வதும், சிகிச்சையாளர் அந்த நேரத்தில் வகுப்பிலேயே உடனிருப்பதும்தான் வழி.

எழுதுவதும் வெட்டுவதும் இப்படியே. கத்தரிக்கோலைக் கட்டைவிரல் மேலிருக்கப் பிடிக்கவும், குட்டையான வண்ணக்குச்சியை விரல்நுனிகளால் பற்றவும் சிகிச்சையாளர் ஒருமுறை காட்டிக்கொடுத்தால், மற்ற நாள்களில் ஆசிரியரே அதைத் தொடரலாம். கால் தரையில் படாத நாற்காலியில் அமர்ந்திருக்கும் குழந்தையின் கையைத் திருத்துவதற்கு முன், காலுக்கடியில் ஒரு பலகையை வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் ஏறத்தாழ 3 வயதில் வட்டத்தையும் 4 வயதில் கூட்டல் குறியையும் 5 வயதையொட்டி முக்கோணத்தையும் பார்த்து வரைவார்கள் என்பதால், மூன்று வயதில் முக்கோணம் வராததைத் தடை என்று எழுதிவிடக் கூடாது. மறுபுறம், பசையையும் வண்ணக்குழம்பையும் தொட்டாலே அலறும் குழந்தைக்கோ, ஊஞ்சல் போன்ற தொங்கும் கருவிகளில் அசைவுணர்வைச் சீராக்க வேண்டிய குழந்தைக்கோ வகுப்பறை போதாது. தொடுதல், அசைவு போன்ற உணர்வுகளை மூளை ஒருங்கிணைப்பதை விளக்கும் புலனுணர்வு ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை வகுத்த அமெரிக்கச் சிகிச்சையாளர் ஜீன் ஏர்ஸின் வழிவந்த அந்த முறைக்கு உரிய கருவிகளும் இடமும் பெரும்பாலும் சிகிச்சை மையங்களில்தான் இருக்கும். மையத்தில் ஒன்றும் மழலையர் வகுப்பில் ஒன்றுமாக இரண்டு சேவைகளை ஒரே குழந்தை பெறுவதில் தவறேதும் இல்லை. இரு சிகிச்சையாளர்களும் பேசிக்கொள்கிறார்களா என்பதை மட்டும் பெற்றோர் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

‘சேவை முறை’ என்ற தொடரையும் நிலையான ஒன்றாகப் பொருள்கொள்ளக் கூடாது. முதல் சில மாதங்கள் நேரடியாகவும், திறன் கைவந்த பின் வகுப்புக்குள்ளும், அதன்பின் கலந்தாய்வாகவும் அது மாறலாம். புதிய தடை தோன்றினால் மீண்டும் நேரடிச் சேவைக்கே திரும்பலாம். அதனால் குழந்தைக்கான சேவைத் திட்டத்தில் ‘வாரத்திற்கு 30 நிமிடச் செயல்வழிச் சிகிச்சை’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் பெறுவது போதாது. குழந்தை எந்தச் செயலை, எந்த இடத்தில், எவ்வளவு உதவியோடு செய்ய வேண்டும் என்பதும், அதை யார் எப்போது மறுபடி பார்ப்பார் என்பதும் அதே வரியில் இடம்பெற வேண்டும்.