புது ரெக்கார்டர் வாங்கியவர்களே, கொஞ்சம் பொறுங்கள்

போன மாதம் ஒருவர் பட்டுத்துணியில் சுற்றிய ஆல்ட்டோ ரெக்கார்டர் ஒன்றை என் பட்டறை மேசையில் வைத்தார். (டேப் ரெக்கார்டர் இல்லை. நேராகப் பிடித்து ஊதும் ஐரோப்பிய மரக்குழல்.) கையால் செய்தது, ஒரு வருடம் காத்திருந்து வாங்கியது. கைக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. மேல் ஸ்வரங்கள் வரவில்லை, கீழ் ஸ்வரங்கள் கரகரத்தன.

"தினமும் எவ்வளவு நேரம் வாசித்தீர்கள்?"

"கச்சேரி இருந்தது. மூன்று மணி நேரம்."

சரி, புரிந்துவிட்டது.

இந்தக் குழலின் உயிர், வாய்ப்பக்கத்தில் இருக்கும் குறுகிய காற்றுவழியில் இருக்கிறது. அதன் உயரம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். உடம்பு பாக்ஸ்வுட்டிலோ பேரி மரத்திலோ இருந்தாலும், காற்றுவழியின் தரையாக அமையும் கட்டையைப் பெரும்பாலும் செடார் மரத்தில்தான் செய்வார்கள். ஈரத்தை உறிஞ்சும், ஆனால் மற்ற மரங்களைப்போல அதிகம் உப்பாது. உப்பவே உப்பாது என்றில்லை. முடியளவு உயர்ந்தாலே குழலின் குரல் மாறிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மூச்சின் ஈரம் குழலின் உட்புறத்தில் ஏறும், வெளிப்புறம் காய்ந்தே இருக்கும். உள்ளே உப்பி வெளியே உப்பாத மரம் விரிசல் விடும்.

அதனால் முதல் வாரம் நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கீழ் ஸ்வரங்களில் தொடங்கி, நேரத்தை வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டு போங்கள். செய்தவர் வேறு கணக்கு சொன்னால் அதையே கேளுங்கள். குளிர்காலத்தில் தலைப்பகுதியை உள்ளங்கையிலோ சட்டைக்குள்ளோ வைத்துச் சூடாக்கிவிட்டு ஊதுங்கள். வாசித்ததும் உட்துளையைத் துடையுங்கள், ஈரத்தோடு பெட்டிக்குள் பூட்டாதீர்கள். எண்ணெய் உட்துளைக்கு மட்டும். கட்டையிலும் காற்றுவழியிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. ஊசி, குச்சி எதையும் உள்ளே விட்டுக் குடைய வேண்டாம். அப்படிக் கெட்டுப்போனதைச் சரிசெய்வதுதான் எனக்குக் கிடைக்கும் பாதி வேலை.

வாங்கும்போது நடக்கும் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நியூரம்பெர்க்கின் யாகோப் டென்னர் (1681–1735), லண்டனில் வேலை செய்த பிரெசான் ஆகிய பழங்காலக் குழல் செய்பவர்களின் பெயர்களைப் பார்த்ததும் பலர் மயங்கிவிடுகிறார்கள். "டென்னர் நகல்" என்று இருவர் செய்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. அருங்காட்சியகத்தில் உள்ள மூலக்குழல் முந்நூறு வருட மரம். அது சுருங்கி, வட்டமான உட்துளை முட்டை வடிவாகியிருக்கும். முதலில் எப்படி இருந்திருக்கும் என்று செய்பவர்தான் முடிவெடுக்கிறார். பழைய சுருதியைப் புழக்கத்தில் உள்ள 415 ஹெர்ட்ஸுக்கோ, பியானோவின் சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கோ மாற்றும்போது அளவுகளும் மாறும். இவை இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட அரை ஸ்வரம் வித்தியாசம். 415 வாங்கிவிட்டுப் பியானோவோடு சேராமல் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயரைக் கேட்பதற்கு முன் சுருதியைக் கேளுங்கள்.

வந்தவரின் குழலில் நான் கை வைக்கவில்லை. விரிசல் இல்லை, நல்லவேளை. இரண்டு வாரம் ஆறப்போட்டு, பிறகு செய்தவரிடமே அனுப்பச் சொன்னேன். புதுக் கட்டையை அவ்வப்போது செதுக்கிச் சரிசெய்து தருவது அவர்கள் வழக்கம்தான். அடுத்த கச்சேரிக்கு என்ன செய்வது என்று முகம் வாடிக் கேட்டார். அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் ரெக்கார்டரை எடுத்துக் கொடுத்தேன். அதை எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஊதலாம்.